சார்லாவும் தொர்தோஞ் ஆற்றங்கரையும்: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்சின் தென்மேற்கே, தொர்தோஞ் ஆற்றுக்கு அருகில் சார்லா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஐந்து வருடங்களில் நான்கு முறை போய் வந்துவிட்டேன். பாரிஸில் இருக்கும் நண்பர்களும் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

சார்லா எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

பாரிஸிலிருந்து தெற்கே சுமார் 500 கிலோமீட்டர். முழுப்பெயர் சார்லா-லா-கனேதா. எழுதும்போது கடைசியில் ஒரு 'ட்' இருக்கும், ஆனால் யாரும் உச்சரிப்பதில்லை. ஊரில் சுமார் 9,000 பேர் வாழ்கிறார்கள். சுற்றுவட்டாரத்தைப் பெரிகோர் நுவார், அதாவது கறுப்புப் பெரிகோர் என்பார்கள். மலைச்சரிவுகளில் அடர்ந்திருக்கும் ஓக் காடுகள் தூரத்திலிருந்து பார்த்தால் கருமையாகத் தெரியும். அதனால் வந்த பெயர்.

பாரிஸிலிருந்து எப்படிப் போவது?

மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் போர்தோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே உள்ளூர் ரயிலுக்கு மாற வேண்டும். அது திராட்சைத் தோட்டங்களின் நடுவே, பெர்ஜெராக் வழியாக நிதானமாகப் போய் கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தில் சார்லாவில் விடும். பாதை அங்கேயே முடிகிறது, அதனால் எங்கே இறங்குவது என்ற கவலை இல்லை. இன்னொரு வழி, ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து சுயாக் வரை நேர் ரயிலில் போய், அங்கிருந்து பேருந்திலோ டாக்சியிலோ போவது. சார்லா நிலையம் பழைய ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. பெட்டி இழுத்துக்கொண்டு நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் திட்டத்தைச் சுருக்க வேண்டும். பேருந்துகள் மிகக் குறைவு, பெரும்பாலும் பள்ளிக்கூட நேரத்தை ஒட்டித்தான் ஓடும். கார் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது: சார்லாவிலேயே தங்குங்கள், மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுங்கள், ஆற்றில் இறங்குங்கள். வித்ராக் கிராமத்து ஆற்றங்கரை 7 கிலோமீட்டர்தான். குகைகளுக்கு மட்டும் ஒரு நாள் டாக்சியோ வாடகைக் காரோ வைத்துக்கொள்ளலாம்.

கார் எடுக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். தானியங்கி கியர் வேண்டுமென்றால் பல வாரங்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் கிடைக்கும். அப்புறம், கிராமச் சந்திப்புகளில் பலகை எதுவும் இல்லையென்றால் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து வருகிற டிராக்டராக இருந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

எத்தனை நாள் வேண்டும்?

நான்கு இரவு. முதல் முறை நாங்கள் இரண்டு இரவுதான் தங்கினோம். ஒரே நாளில் மூன்று கோட்டை, ஒரு குகை, ஒரு தோட்டம் என்று ஓடினோம். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எந்தக் கோட்டை எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். காலையில் ஒரு இடம், மதியம் ஆற்றங்கரை, மாலையில் ஊருக்குள் நடை. இந்தப் பகுதிக்குப் பொருத்தமான வேகம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர். ஆற்றுத் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், மரங்களில் வால்நட் முற்றியிருக்கும். மே கடைசியும் ஜூனும் அதற்கு அடுத்தபடி. ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பா முழுவதும் அங்கேதான் இருக்கிறதோ என்று தோன்றும். வெயிலும் 35 டிகிரியைத் தாண்டும். ஆனால் பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால் வேறு வழியில்லை. காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். நவம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை படகுகள் கிடையாது, பல இடங்கள் மூடியிருக்கும். அந்த மாதங்களில் கறுப்பு ட்ரஃபிள் காளான் வாங்க வருகிறவர்கள்தான் அதிகம்.

ஊருக்குள்ளே பார்க்க என்ன இருக்கிறது?

ஊரேதான். தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய வீடுகள். சில கூரைகளில் ஓட்டுக்குப் பதிலாகக் கல் பலகைகளையே அடுக்கியிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் கூரை அரை டன்னுக்கும் மேல் கனக்கும், அதைத் தாங்கத்தான் கூரைகள் அவ்வளவு செங்குத்தாக இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இவையெல்லாம் இடிந்துவிழும் நிலையில் இருந்தன. அப்போது கலாசார அமைச்சராக இருந்த ஆந்த்ரே மல்ரோ 1962-இல் கொண்டுவந்த சட்டம், தனிக் கட்டடங்களை மட்டுமல்லாமல் ஒரு பழைய நகர்ப்பகுதியையே பாதுகாக்க வழி செய்தது. அந்தச் சட்டத்தின்படி முதலில் சீரமைக்கப்பட்ட ஊர்களில் சார்லாவும் ஒன்று.

தலைமைத் தேவாலயத்துக்கு எதிரே, 1525-ஐ ஒட்டிக் கட்டிய ஒரு அழகான வீடு இருக்கிறது. எத்தியென் த லா போயெசி 1530-இல் இந்த ஊரில் பிறந்தவர். ஒரு கொடுங்கோலனுக்கு இத்தனை பேர் ஏன் அடங்கிப் போகிறார்கள் என்று இளவயதிலேயே கேட்டு எழுதியவர், கட்டுரையாளர் மோன்தேனின் உயிர் நண்பர். அந்த வீட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். அதற்குப் பக்கத்திலேயே வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தைக் காய்கறிச் சந்தையாக மாற்றியிருக்கிறார்கள். செய்தவர் கட்டடக் கலைஞர் ழான் நூவெல், சார்லாவில் வளர்ந்தவர். 15 மீட்டர் உயரத்துக்கு இரும்புக் கதவுகள் வைத்திருக்கிறார். மணிக்கூண்டுக்குள் கண்ணாடி லிஃப்ட் ஒன்று மேலே போகும். கூரைகளைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

சந்தை புதன், சனி காலைகளில். சனிக்கிழமைதான் பெரிது, பழைய ஊர்த் தெருக்கள் முழுக்க விரியும். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இன்னொரு முறை நடந்து பாருங்கள். பழைய தெருக்களில் வாயு விளக்கு எரிகிறது. அந்த மஞ்சள் ஒளியில் கல்லின் நிறம் வேறாகிவிடும்.

ஆற்றில் படகு ஓட்ட வேண்டும் என்கிறார்களே, அவ்வளவு முக்கியமா?

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

காரணம் இருக்கிறது. இந்தக் கோட்டைகளும் கிராமங்களும் ஆற்றைப் பார்த்துக் கட்டப்பட்டவை. அந்தக் காலத்தில் சரக்கும் சண்டையும் ஆற்று வழியாகத்தான் வந்தன. சாலையிலிருந்து பார்த்தால் நமக்குக் கிடைப்பது முதுகுப்பக்கம்தான். முகத்தைப் பார்க்க ஆற்றில் இறங்க வேண்டும்.

வித்ராக் அல்லது செனாக்கில் கனோ, அதாவது இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகு, வாடகைக்குக் கிடைக்கும். நீரோட்டத்தோடு பேனாக் வரை போனால் இடையில் நிற்காமல் இரண்டு, மூன்று மணி நேரம். ஆனால் நிற்காமல் போவது பாவம். முடியும் இடத்திலிருந்து வாடகைக்காரர்களே வேனில் திரும்பக் கூட்டி வந்துவிடுவார்கள்.

முதலில் இடது கரையில், உயரத்தில் தோம் கிராமம். பிறகு ஒரு வளைவு திரும்பியதும் வலது கரையில் லா ரோக் கஜாக். செங்குத்துப் பாறையோடு ஒட்டி வரிசையாக வீடுகள். பாறை தெற்கு நோக்கி வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் அங்கே வாழையும் பனை வகை மரங்களும் வளர்கின்றன. பிரான்சின் நடுவே வீட்டுச் சுவரோரம் வாழை இலை ஆடுவதைப் பார்த்து என் அம்மா படகைக் கரையில் நிறுத்தச் சொன்னார். அதே பாறைதான் 1957 ஜனவரியில் ஒரு பகுதி சரிந்து விழுந்து மூன்று பேரைக் கொன்றது. அதற்கப்புறம் இடதுபுறம் காஸ்தெல்நோ கோட்டை, வலதுபுறம் மார்கெசாக் தோட்டத்தின் பாறை, கடைசியில் பேனாக் கோட்டை. பேனாக்குக்கு அருகே நான் போனபோது ஆற்றுக்குள் கான்கிரீட் தூண்கள் நின்றன. புறவழிச் சாலைக்காகக் கட்டத் தொடங்கி, 2018 டிசம்பரில் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் நிறுத்திய பாலத்தின் மிச்சம் அது.

தண்ணீர் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். கூழாங்கல் அப்படியே தெரியும். படகு திட்டில் தட்டும்போது அடியில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம், இறங்கித் தள்ளிவிட்டு ஏறிக்கொள்ளலாம். உங்கள் பொருட்களை வைக்க மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று தருவார்கள். கைபேசி, கார் சாவி, பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும். படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கைபேசியை மடியில் வைத்திருந்தேன். ஒரு திருப்பத்தில் படகு சாய்ந்தது, அவ்வளவுதான், போய்விட்டது.

நீச்சல் தெரியாது. வரலாமா?

கனோவில் ஏற நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. லைஃப் ஜாக்கெட் தருவார்கள், ஆனால் அது நீச்சலுக்கு ஈடாகாது. ஆழமில்லாத ஆறு என்றாலும் வளைவுகளில் திடீரென்று ஆழம் வரும். மழைக்குப் பிறகு ஓட்டமும் வேகமாகும். நீந்தத் தெரியாதவர்கள், பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லோருக்கும் லா ரோக் கஜாக்கில் கபார் என்ற தட்டையான பெரிய மரப்படகுகள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். அந்தக் காலத்தில் மலைப்பகுதியிலிருந்து ஓக் மரத்தைக் கீழே கொண்டுவந்த படகுகளின் வடிவம் அது.

பேனாக், காஸ்தெல்நோ இரண்டும் பார்க்க வேண்டுமா? ஒன்று போதுமா?

ஒன்று போதும். நூறாண்டுப் போரில் பேனாக் பிரெஞ்சுக்காரர் பக்கம், காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ஆற்றின் இரு கரையிலும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற கோட்டைகள். பிள்ளைகள் இருந்தால் காஸ்தெல்நோ. அங்கே போர்க்கருவிகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, மரத்தில் செய்த ஆளுயரம் தாண்டிய கல்லெறி இயந்திரங்களை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். அமைதியாகப் பார்க்க விரும்பினால் பேனாக். ஆற்றுக்கு மேலே 150 மீட்டர் உயரத்தில் சுவர் அப்படியே செங்குத்தாக நிற்கும். கீழிருந்து ஏறும் கல் பாதை கடினம், முழங்கால் வலிக்காரர்கள் காரில் மேலே போய்விடுங்கள்.

இன்னும் சற்றுத் தள்ளி மிலாந்த் மாளிகை. அமெரிக்காவில் பிறந்து பாரிஸில் புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் 1937-இல் இங்கே வாடகைக்கு வந்து, 1947-இல் சொந்தமாக வாங்கினார். உலகின் பல பகுதிகளிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கேதான் வளர்த்தார். கடன் முற்றி 1969-இல் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2021-இல் பிரான்ஸ் அவரைப் பாந்தேயோனில் வைத்துக் கௌரவித்தது. நாட்டின் மிகப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் இடம் அது. மாளிகைக்குள் அவர் சமையலறையைக் கடக்கும்போது என் மனைவி வெகுநேரம் நகரவில்லை.

லாஸ்கோ குகையில் நாம் பார்க்கும் ஆதிமனிதர் ஓவியங்கள் அசலா, நகலா?

நீங்கள் பார்ப்பது நகல். அசல் குகையை 1940 செப்டம்பர் 12-இல் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே போய் மூச்சு விட்டதில் காற்றில் ஈரமும் கரியமில வாயுவும் கூடி, சுவரில் பச்சைப் பாசி படரத் தொடங்கியது. 1963-இல் மூடிவிட்டார்கள். அதன் பிறகு 1983-இல் ஒரு பகுதியின் நகல், 2016 டிசம்பரில் கிட்டத்தட்ட முழுக் குகையின் நகல். சார்லாவிலிருந்து 25 கிலோமீட்டர் வடக்கே, மோந்தினியாக்கில் இருக்கிறது.

நகல்தானே என்று தவிர்த்துவிடாதீர்கள். ஐந்து மீட்டரைத் தாண்டும் காளை ஒன்று தலைக்கு மேலே ஓடும்போது அந்த எண்ணம் வராது. பாறையின் மேடு பள்ளம் வரை அளந்து செய்திருக்கிறார்கள். கோடையில் நுழைவு நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

அசல் ஓவியத்தை எங்கேயாவது பார்க்க முடியுமா?

முடியும். லெ ஸேஸி கிராமத்துக்குப் பக்கத்தில் ஃபோன் த கோம் குகை. 1901-இல் இதன் ஓவியங்கள் அடையாளம் காணப்பட்டன. பல வண்ணங்களில் தீட்டிய அசல் குகை ஓவியத்தை இன்றும் பொதுமக்களுக்குக் காட்டும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. சிறு குழுவாகத்தான் விடுவார்கள், இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பயண தேதி முடிவானதும் முதலில் இதைப் பதிவு செய்யுங்கள், பிறகு தங்குமிடம் பாருங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை.

சீட்டு வாங்கும் இடத்திலிருந்து ஒரு ஏற்றம் நடந்தால் குகை வாய். உள்ளே பாதை குறுகல், தோள் சுவரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தி, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். முதலில் எதுவும் தெரியவில்லை, கறை படிந்த பாறைதான். பிறகு ஒரு கறுப்புக் கோடு நீண்டு வளைந்தது, கொம்பு. அதன் கீழே ஒரு பனிமானின் தலை. அதற்கு எதிரே இன்னொரு மான் முன்னங்கால் மடித்து உட்கார்ந்திருக்கிறது. நிற்கும் மான் குனிந்து மற்றதன் நெற்றியை நக்குகிறது. வழிகாட்டி ஒளியைச் சற்றே சாய்த்ததும், பாறையில் கீறிய அந்த நாக்கு தெரிந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முன்பு, கொழுப்பு விளக்கின் வெளிச்சத்தில் ஒருவர் மானின் பரிவைக் கவனித்து வைத்திருக்கிறார். குழுவில் யாரும் பேசவில்லை. எனக்குக் கண் கலங்கியது. பொய்யில்லை.

சின்னப் பிள்ளைகளைக் குகைக்குக் கூட்டிப் போகலாமா?

ரூஃபினியாக் குகைக்குக் கூட்டிப் போங்கள். சிறு மின்சார ரயில் ஒன்று மலைக்குள்ளே ஒரு கிலோமீட்டர் வரை போகும். நடக்க வேண்டியதில்லை, சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் நல்லது. வழி நெடுகக் குகைக் கரடிகள் குளிர்காலம் தூங்கத் தோண்டிய குழிகள், சுவரில் அவற்றின் நகக் கீறல்கள், பிறகு மாமூத் யானைகள். அடர்ந்த மயிர், வளைந்த தந்தம், கறுப்புக் கோட்டில் நூற்றுக்கும் மேல். நம் பிள்ளைகளுக்கு யானை என்றால் சொல்ல வேண்டுமா!

நடக்க, சைக்கிள் ஓட்ட நல்ல பாதைகள் உண்டா?

நிறைய. பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். சார்லாவுக்குத் தெற்கே தொடங்கி கார்சாக், குரோலெஜாக் வழியாகக் கஸூலேஸ் வரை 20 கிலோமீட்டருக்கு மேல். ஏற்றம் கிட்டத்தட்ட இல்லை, கார்கள் இல்லை. வழியில் கார்லுக்ஸ் பழைய ரயில் நிலையத்தில் புகைப்படக் கலைஞர் ரொபேர் துவானோவின் படங்களை வைத்திருக்கிறார்கள். இளைஞனாக இந்த ஆற்றில் விடுமுறை கழித்தவர் அவர்.

நடைபாதைகளில் மரத்திலும் கல்லிலும் வண்ணக் கோடுகள் இருக்கும். மஞ்சள் கோடு என்றால் உள்ளூர்ச் சுற்றுப்பாதை, வெள்ளையும் சிவப்பும் என்றால் நெடுந்தூரப் பாதை. கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால் அந்த வழி தவறு, திரும்புங்கள். புல்லில் நடந்து வந்த பிறகு கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இலையுதிர் காலத்தில் வேட்டை நடக்கும், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கேட்டுச் சாப்பிட்டால் கிடைக்கும். இது வாத்தும் வாத்துக் கொழுப்பும் ஆளும் நாடு. சார்லா உருளைக்கிழங்கு என்று பட்டியலில் பார்த்ததும் சைவம் என்று நினைத்து ஆர்டர் செய்துவிடாதீர்கள். பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வறுப்பார்கள், ஆனால் வாத்துக் கொழுப்பில். பூண்டு சூப்பிலும் பல நேரம் அதுதான். "ஜ ந மான்ஜ் பா த வியாந்த்" என்றால் இறைச்சி சாப்பிடமாட்டேன். "சான் கிரேஸ் த கனார்" என்றால் வாத்துக் கொழுப்பு வேண்டாம். இந்த இரண்டையும் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட், அதன்மேல் வால்நட், வால்நட் எண்ணெய், பருவத்தில் காட்டுக் காளான் ஆம்லெட். நல்ல சாப்பாடுதான். முட்டையும் வேண்டாம் என்பவர்கள் சமையலறை உள்ள வீடாகப் பார்த்துத் தங்குங்கள். நாங்கள் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலிலேயே அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். சந்தைத் தக்காளியில் வைத்த ரசம் இன்னும் நாவில் இருக்கிறது.

மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரண்டரைக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும்.

பிரெஞ்சு தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஆனால் கடைக்குள் நுழைந்ததும் பொன்ஜூர் சொல்லாமல் கேள்வியை ஆரம்பிக்காதீர்கள். நம் ஊரில் "வாங்க" என்பதற்கு என்ன எடையோ அதே எடை அதற்கு அங்கே.

பாதிராக் பாதாளம், ரோகமதூர் எல்லாம் சேர்த்துப் பார்க்கலாமா?

கார் இருந்தால் இரண்டும் சேர்த்து ஒரு முழு நாள். பாதிராக்கில் தரை அப்படியே பிளந்து 75 மீட்டர் கீழே இறங்குகிறது. அடியில் ஓடும் ஆற்றில் படகில் கூட்டிப் போவார்கள். ரோகமதூர் பாறையில் ஏறி நிற்கும் பழைய யாத்திரைத் தலம். நான்கு நாள் இருந்தால் போங்கள். மூன்று நாள்தான் என்றால் விட்டுவிடுங்கள், அந்த நேரத்தை ஆற்றுக்குக் கொடுங்கள்.

மழை பெய்தால்?

குகை நாளாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது லெ ஸேஸியில் இருக்கும் தேசியத் தொல்வரலாற்று அருங்காட்சியகம். இடி மின்னல் எச்சரிக்கை இருந்தால் படகுக்காரர்களே அனுப்பமாட்டார்கள், காலையில் அவர்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மழை விட்டதும் தோம் கிராமத்துக் கோட்டை மேட்டுக்குப் போய் நில்லுங்கள். ஆற்றிலிருந்து ஆவி எழும்பி வயல்களின் மேல் நகர்ந்து போவது மேலிருந்து தெரியும்.